இன்ஜினை அணைக்காத விருந்தாளிகள்

பாதி தூரம் வந்த பிறகுதான் போர்வையை மறந்து வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகவில்லை. குத்தம்பாக்கத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிடங்கில் காவல் வேலை. மழைக்காலம் முழுக்க அங்கே இருந்தேன். அன்று காலை சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திருமழிசைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. யாரும் திட்டவில்லை. எனக்கு இப்படித்தான். ஓர் இடத்து நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்திவிட்டால், கிளம்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று தோன்றிவிடும்.

அப்போதுதான் எதிரே அவை வந்தன. பழைய காலத்துப் பிளசர் கார்கள், ஒன்றன் பின் ஒன்றாக, கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவாக. முன்னால் காகித நட்சத்திரம், கண்ணாடியில் பலூன், பக்கவாட்டில் ஏதோ ஒரு கிளப்பின் பேனர். கிறிஸ்துமஸுக்கு எங்கோ ஓர் அனாதை இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாமான் கொண்டுபோகிறார்கள். கூரை திறந்த ஒரு காரின் பின்சீட்டில் சிவப்புச் சட்டைக்காரர் ஒருவர், பஞ்சுத் தாடியை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள்கூட வேகத்தைக் குறைத்து செல்போனில் படம் எடுத்தார்கள். நான் புழுதிக்கு ஒதுங்கி நின்று மூச்சை இழுத்தேன். பாதி எரிந்த பெட்ரோல், வெயிலில் காய்ந்த ரெக்சின், அதற்கும் அடியில் தேங்காய் நார். புதுக் கார்களுக்கு இந்த வாசனை கிடையாது.

தேங்காய் நார் என்றால் எனக்குப் பல வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்த பூந்தமல்லி கவுஸ் பாயின் கடைதான். பழைய கார் சீட்டுகளைப் பிரித்து, மக்கிப்போன நாரை உதறி எடுத்துவிட்டு, புது நார் வைத்துத் தைப்பது பாயின் தொழில். உதறுவது என் தொழில். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால், என்றைக்கோ யார் யாரோ உட்கார்ந்து எழுந்த தூசி வரும். சீட்டின் இடுக்குகளில் ஊக்கு, வளையல் துண்டு, சினிமா டிக்கெட், ஒரு தடவை ஒரு பால் பல் கிடைத்தது. பாய் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவார். பல்லை மட்டும் கொடுக்கத் தயங்கி, கடைசியில் அதையும் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்ட மனிதர் வெகுநேரம் கடை வாசலிலேயே நின்றிருந்தார்.

நான் தூங்குவது கடைக்கு மேலே இருந்த பரணில். முதுகு நிமிர்த்தினால் தலை இடிக்கும், ஆனால் கொசு ஏறி வராது. அந்தப் பரணுக்குத்தான் ஆபத்து வந்தது. பாயின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் வந்து இறங்க இடம் வேண்டும். பாய் என்னைப் போகச் சொல்லவில்லை. “பொங்கலுக்குள்ள வேற எடம் பாத்துக்கிறியா தம்பி?” என்று கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அந்த நாட்களில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். சாப்பாடு எங்கேயாவது கிடைத்துவிடும். படுக்கிற இடம் அப்படிக் கிடைப்பதில்லை.

பாயே ஒரு வழியும் சொன்னார். அம்பத்தூரில் ஒரு சார் இருந்தார். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு கறுப்புப் பிளசர் இருந்தது. அதன் சீட்டுகளை உதறியவன் நான்தான். சாருக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதித்துத் தூரம் ஓட்ட முடியாது. எனக்கு மண் லாரியிலும் தண்ணீர் லாரியிலும் கற்ற டிரைவிங் இருந்தது, லைசென்சும் இருந்தது. எட்டாவதுக்கு மேல் படிக்காதவனிடம் அரசாங்க முத்திரையோடு இருந்த ஒரே காகிதம் அது.

சார் என்னை ஷெட்டுக்கு அழைத்துப்போய் வண்டியைக் காட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த அறையையும் திறந்து காட்டினார். சின்ன அறை. ஜன்னல் உண்டு, ஜன்னலுக்கு வெளியே குழாய் உண்டு. அதற்குப் பிறகு அவர் பேசியதில் பாதி என் காதில் விழவில்லை. எந்தச் சுவரில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

காதில் விழுந்த மீதி இதுதான். பழைய கார் கிளப்பில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸை ஒட்டி ஓர் இல்லத்துக்குப் போவார்கள். அரிசி, துணி, பொம்மை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். யாரும் தள்ளாமல் வீடு திரும்பிய வண்டிக்குக் கோப்பை. போன வருஷம் சாருடைய வண்டி இல்லத்தின் வாசலிலேயே படுத்துவிட்டது, டிராக்டர் கட்டி இழுத்து வந்தார்கள். கிளப்பில் அவருக்கு ‘டிராக்டர் சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் மெஷின்களோடு இருந்த மனிதருக்கு அது உறைக்காமல் இருக்குமா?

“இந்த வாட்டி யாரும் தள்ளாம கொண்டுவந்து சேத்துட்டன்னா இந்த ரூம் உனக்கு. வேலையும் பர்மனன்ட்,” என்றார்.

எந்த இல்லம் என்று கேட்டேன். நெமிலிச்சேரியிலிருந்து குத்தம்பாக்கம் போகிற வழியில், பாதிரியார்கள் நடத்துவது என்றார். நான் தலையை ஆட்டினேன். நான் வளர்ந்த இல்லம் அதுதான் என்று சொல்லவில்லை. சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள், பிறகு பழைய சட்டை கொடுப்பார்கள்.

எட்டாவது முடிந்ததும் என்னை அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார்கள். சேகரைச் சமையல்கட்டில் வைத்துக்கொண்டார்கள். அவனும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்து வளர்ந்தவர்கள். என் முழங்காலில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான். பட்டறையை விட்டு, லாரியை விட்டு, ஊர் ஊராகச் சுற்றியதில் அவனைப் பார்க்கப் போகவே இல்லை. போனால் கையில் ஏதாவது கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பேன். கையில் ஏதாவது இருக்கிற நாளில் அந்தப் பக்கம் போகிற பஸ் வராது.

புறப்பட்ட காலையில் பாய் தன் வெள்ளைச் சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்தார். தோள் முழங்கை வரை வந்தது. அம்பத்தூரில் கிளம்பி ஆவடி வழியாகப் போனோம். குவார்ட்டர்ஸ் வாசல்களில் குடும்பம் குடும்பமாக நின்று கையசைத்தார்கள். திருநெல்வேலிக்காரர்கள், சேலத்துக்காரர்கள், எல்லா ஊர்க்காரர்களும் அங்கே உண்டு. லீவுக்கு ஊருக்குப் போகாதவர்கள்தான் அப்படி நின்றார்கள் என்று நினைக்கிறேன். நானும் கையசைத்தேன். எனக்கில்லை, காருக்குத்தான் என்று தெரிந்தும் அசைத்தேன்.

அந்தக் கிளப்பின் பழக்கங்கள் இரண்டை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்று, எங்கே நின்றாலும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். அணைத்தால் திரும்பப் பிடிக்குமா என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதனால் பட்டாபிராமில் டீ குடிக்க நின்றபோதும், ஒவ்வொரு காரிலும் ஒருவர் காலை ஆக்சிலேட்டரில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். டீ ஜன்னல் வழியாக வந்தது. இரண்டாவது, வரிசையின் கடைசி வண்டி நீளமாக ஒரு ஹாரன் கொடுத்தால் புறப்படு என்று அர்த்தம். அது கேட்டால் பாதி டீயைக் கொட்டிவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார்கள். போன வருஷத்து அவமானத்தால் கடைசி வண்டி நாங்கள்தான். பட்டாபிராமில் அந்த ஹாரனை நான்தான் அடித்தேன். அத்தனை பெரிய மனிதர்கள் என் கைக்கு ஓடிவந்ததில் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

நெமிலிச்சேரி தாண்டியதும் ஊர் போய் வயல் வந்தது. ரிங் ரோடு வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் நடவு முடிந்த பச்சை, நடுவில் வாத்துக் கூட்டம், வரப்பில் பனைமரங்கள். பத்து வயதில் பார்த்த அதே ஓடைப் பாலத்தில் ஏறி இறங்கியபோது பின்சீட்டில் இருந்த சார் “மெல்ல, மெல்ல” என்றார். அந்தப் பாலத்தின் கைப்பிடியில் எங்கே விரிசல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு ஆள் இல்லை.

இல்லத்து மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாடினார்கள். இத்தனை இன்ஜின்கள் ஓடுகிற சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரிந்தது. கேட்கவில்லை என்று அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். பிறகு புகையில் இருமினார்கள். கிளப்காரர்கள் மூட்டைகளோடு கூடத்துக்குள் போனார்கள். சார் போகும்போது என் காலைக் காட்டி, “எடுத்துடாத” என்றார்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சமையல்கட்டுப் பக்கமிருந்து பட்டையும் கிராம்பும் நெய்யும் கலந்த வாசனை வந்தது. பிறகு கரண்டியும் கையுமாகச் சேகர் வந்தான். தொப்பை போட்டிருந்தான், முன்முடி கொட்டியிருந்தது. ஜன்னலில் குனிந்து என் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

“இன்னா மச்சான், கார்லல்லாம் வர்ற. பெரிய ஆளாய்ட்ட போல.”

“என்து இல்லடா.”

“அது தெரியுது. உன்துன்னா ஏன் உள்ளயே குந்திகினு கீற? எறங்கு.”

“முடியாது. கால எடுத்தா நின்னுடும்.”

சேகர் தலையை உள்ளே விட்டு என் காலைப் பார்த்தான். “நின்னா நிக்கட்டுமே. நானும் தினம் அடுப்ப அணைச்சிட்டுதான் தூங்கறேன். காலைல பத்த வெச்சா பத்திகிது.”

“இது பத்தாதுடா.”

சத்தத்தில் இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசினோம். நல்லா இருக்கியா என்பதைக் கத்திக் கேட்டால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கிறது. கல்யாணமாச்சா என்று கேட்டான், இல்லை என்றேன். அவனுக்கும் இல்லை. எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டான். பரணைப் பற்றிச் சொன்னேன், அது போகப்போவதைச் சொன்னேன், சாருடைய அறையைப் பற்றியும் சொன்னேன். சேகர் கரண்டியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

“அந்தாளு ரூம் இன்னாத்துக்கு? இங்க வேன் ஒன்னு வந்துகீது. ஓட்ட ஆளில்ல. தங்க எடம் என் ரூம்லயே கீது. இப்பவே போயி ஃபாதர பாரு. நாளைக்கு அவரு ஊருக்குப் பூடுவாரு.”

நான் காலைப் பார்த்தேன்.

“நான் மிதிக்கிறேன், நவுரு. தையல் மிசின் மாரிதான?”

அந்த ஒரு நிமிஷம் எனக்கு இப்போதும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பக்கம் ஜன்னல் வைத்த அறை, இன்னொரு பக்கம் பழைய பாய்க்குப் பக்கத்துப் பாய். காலைத் தூக்காமல் மெல்ல நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தேன். அழுத்தத்தைக் காட்டிக் கொடுத்தேன். வேறு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு, கவுஸ் பாயின் சட்டையை உள்ளே செருகிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன்.

கூடத்தில் கிளப் தலைவர் பேசிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட தாடிக்காரர் ஒருவர் பொம்மைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஃபாதர் எனக்குப் புதியவர், நான் இருந்த காலத்தவர் இல்லை. சுவரோரமாக நகர்ந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தேன். பின்பக்க வராந்தாவில் இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது தெரிந்தது. பேச்சு முடிந்ததும் விருந்து. நான் குனிந்து கைகூப்பினேன், ஃபாதர் காதைச் சாய்த்தார். “ஃபாதர், என் பேரு…” என்று ஆரம்பித்தேன்.

ஹாரன் கேட்டது. நீளமாக, ஆசை தீர.

மைதானத்தில் நின்ற பொடியன்கள் சேகரைச் சுற்றிக்கொண்டு ஒரே ஒரு வாட்டி அடிங்கண்ணா என்று கெஞ்சியிருக்கிறார்கள். தினமும் தன் கையால் சோறு தின்கிற பிள்ளைகள் கேட்டதை அவன் என்றைக்கு மறுத்தான்? அடித்துவிட்டான். அந்தச் சத்தத்துக்குக் கிளப்பில் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. நான்தான் சொல்லாமல் வந்துவிட்டேனே. தலைவர் பாதி வாக்கியத்தில் மைக்கை வைத்தார். எல்லாரும் எழுந்து ஓடினார்கள். தாடிக்காரர் தாடியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். கார்க் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன, வரிசை நகர ஆரம்பித்துவிட்டது. இத்தனை பேர் தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்த சேகர், ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று பயந்து, கால் இரண்டையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டான். வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றது.

சார் வந்தார். யாரிவன் என்று கேட்டார், என் சிநேகிதன் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சேகர் இறங்கிய இடத்தில் தானே முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து, “தள்ளு” என்றார்.

நான் தள்ளினேன், சேகர் தள்ளினான், பிறகு பிள்ளைகள் அத்தனை பேரும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். அன்று அவர்கள் சிரித்தது அப்போதுதான். பொம்மையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளினார்கள். இடம் கிடைக்காதவர்கள் தள்ளுகிறவர்களைத் தள்ளினார்கள். மைதானத்தை இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு ஒரு வெடிச் சத்தம், கறுப்புப் புகை, வண்டி பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். வண்டி வாசலைத் தாண்டிப் போனது. நான் பின்னால் ஓடினேன். சார் நிறுத்த மாட்டார் என்று எனக்குத் தெரியும், நிறுத்தினால் நின்றுவிடும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு தரம் ஆட்டினார். வா என்றா, இரு என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஓடைப் பாலம் வரை ஓடிவிட்டு நின்றேன்.

தள்ளிய வண்டிக்குக் கோப்பை கிடையாது. தள்ளவிட்ட டிரைவருக்கு அறை கிடையாது. அதை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டாம் என்று நான் அம்பத்தூர் பக்கம் பிறகு போகவே இல்லை.

திரும்பி வந்தபோது ஃபாதர் வராந்தாவில் நின்றிருந்தார். வேனைப் பற்றிக் கேட்டேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “வேனா? ஒருத்தர் தர்றேன்னு சொன்னார், ரொம்ப நாளாச்சு தம்பி. வரலையே. சேகருக்குத் தெரியுமே,” என்றார்.

சேகர் சமையல்கட்டில் அண்டாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்றேன்.

“வேன் இல்லியாமே.”

“ஆமா.”

“அப்பறம் ஏன்டா சொன்ன?”

“வேல கீதுன்னா எறங்குவ. சும்மா வா மச்சான், பேசிகினு இருக்கலாம்னா எறங்கியிருப்பியா?”

யோசித்துப் பார்த்தேன். காலை அழுத்திக்கொண்டே, அடுத்த வருஷம் வர்றேன்டா என்று சொல்லியிருப்பேன்.

விருந்தாளிகளுக்குப் போட்ட இலைகளில் ஒன்றில் என்னை உட்கார வைத்துப் பரிமாறினான். நீளமான வராந்தாவில் ஒரு கோடியில் நான் மட்டும். விடியும் முன்பே எழுந்து சமைத்தானாம், பட்டணத்து ஆட்கள் வாயில் வைக்கிற மாதிரி காரம் குறைத்துப் போட்டானாம். “ஒருத்தனும் வாயில வெக்கல மச்சான். நானே ஆரன் அடிச்சுத் தொரத்திட்டேன்,” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அவன் மீதி இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரை உதறி, சுருட்டிக் கட்டினான். பாயசம் வேண்டுமா என்று கேட்காமலேயே மூன்று தரம் ஊற்றினான். அவன் சாப்பிடவில்லை.

பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வெளியாள் தங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். ஃபாதர் வருத்தத்தோடுதான் சொன்னார். கிளம்பும் முன் சேகர் தன் அறையைக் காட்டினான். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாய் விரித்திருந்தது, இன்னொரு பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வாசல் வரை வந்தான். போன் வாங்கினால் நம்பர் சொல்லி அனுப்பு என்றான். யாரிடம் சொல்லி அனுப்புவது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இப்போது அங்கே இல்லம் இல்லை. பிள்ளைகளைப் பிரித்து வேறு இல்லங்களுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு டீக்கடைக்காரர் சொன்னார். மைதானத்தில் சிமென்ட் போட்டு லாரிகள் நிற்கின்றன. ஓடைக்கு மேலே அகலமான ரோடு, கீழே ஓர் ஓடை இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வாத்துக்காரர்கள் எந்தப் பக்கம் போனார்களோ. பூந்தமல்லிக் கடையில் பாயின் மருமகன் செல்போன் உறை விற்கிறார். சேகரைப் பற்றிக் கேட்டால் ஒருவர் ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கேன்டீன் என்றார், இன்னொருவர் ஓசூர் என்றார். இரண்டு ஊரிலும் நான் வேலை பார்த்திருக்கிறேன். கேன்டீன் வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. என் முழங்காலில் தழும்பு இருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்தவர் யாரும் இப்போது பக்கத்தில் இல்லை.

இல்லத்திலிருந்து கிளம்பிய அன்று, பாயின் பரணுக்குத் திரும்பிப் போக மனமில்லாமல், நெமிலிச்சேரி ஸ்டேஷன் பெஞ்சில் படுத்து எழுந்து, காலையில் பட்டாபிராம் வரை நடந்தேன். பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற ஒரு டென்ட் ஹவுஸ்காரர் ஆள் போதாமல் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்தேன். விருந்து முடிந்து எல்லாரும் எழுந்து போன பிறகு போய், நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றுகிற வேலை. என் ஆயுசில் நான் அதிக நாள் நிலைத்திருந்த வேலை அதுதான்.